நடு உறுப்பை முதலில் பாருங்கள்: முழு வர்க்க மூவுறுப்புக் கோவையை அடையாளம் காண்பது எப்படி

36x² − 132x + 121. இதைக் காரணிப்படுத்தச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கை தானாகவே 36-ஐயும் 121-ஐயும் பெருக்கப் போகும். 4356 வரும். அப்புறம் "பெருக்கினால் 4356, கூட்டினால் −132" என்று இரண்டு எண்களைத் தேட வேண்டும். −66, −66 என்று கண்டுபிடிப்பதற்குள் ரஃப் பக்கம் நிரம்பிவிடும். முறையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கோவைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. 36 என்பது 6-இன் வர்க்கம், 121 என்பது 11-இன் வர்க்கம். 6-ஐயும் 11-ஐயும் பெருக்கி இரட்டித்தால் 132. நடுவில் இருப்பதும் 132. விடை (6x − 11)². இப்படி இன்னொரு கோவையின் வர்க்கமாக இருப்பதைத்தான் முழு வர்க்கம் என்கிறோம். பத்து விநாடி வேலை.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியிலும் திண்ணையிலும் மாலை வகுப்பு எடுக்கும் அக்கா, அண்ணன்களுக்கும், அங்கே உட்கார்ந்து ஒன்பதாவது, பத்தாவது கணக்குப் போடும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறோம். முற்றொருமை எல்லோருக்கும் மனப்பாடம்தான். (a + b)² = a² + 2ab + b² என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சிக்கல் அங்கே இல்லை. விரிப்பது சுலபம், விரித்துக் கிடப்பதைப் பார்த்து "இது அதுதான்" என்று சொல்வதுதான் கஷ்டம். அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

பார்க்க வேண்டிய வரிசை

1. அடுக்கு இறங்கு வரிசையில் எழுதுங்கள். வினாத்தாளில் 49 + 64y² − 112y என்று கலைத்துப் போட்டிருப்பார்கள். 64y² − 112y + 49 என்று எழுதாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

2. மூன்று உறுப்புக்கும் பொதுவான காரணி இருந்தால் வெளியே எடுங்கள். முதல் உறுப்பு மைனஸ் என்றால் அந்த மைனஸையும் சேர்த்து வெளியே கொண்டுபோங்கள்.

3. முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் வர்க்கங்களா? இரண்டும் பிளஸ்ஸா? ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வழக்கமான முறைக்குப் போய்விடுங்கள்.

4. இரண்டின் வர்க்கமூலங்களையும் ஓரத்தில் எழுதுங்கள். பெருக்குங்கள். இரட்டியுங்கள். வருவதை நடு உறுப்போடு ஒப்பிடுங்கள். இந்த நேரத்தில் குறியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

5. பொருந்தினால், நடு உறுப்பின் குறி எதுவோ அதுவே அடைப்புக்குள் வரும் குறி. 64y² − 112y + 49-க்கு 8y, 7. பெருக்கினால் 56y, இரட்டித்தால் 112y. நடுவில் மைனஸ். ஆக, (8y − 7)².

விடையை (7 − 8y)² என்று எழுதினாலும் சரிதான். அடைப்புக்குள் மொத்தக் குறியும் மாறினால் வர்க்கம் மாறாது. சிலர் இதற்குத் தப்புப் போட்டுவிட்டு, பிள்ளை வந்து கேட்டால் முழிப்பதும் உண்டு.

நான்காவது படியில்தான் மார்க் போகிறது

9x² + 12x + 16 என்று கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் இப்படித்தான் நடக்கும்:

"மிஸ், 9 வர்க்கம், 16 வர்க்கம், மூணு நாலு பன்னெண்டு. வந்துடுச்சு மிஸ்!"

"மூணு நாலு பன்னெண்டு, சரிடா. இரட்டிச்சியா?"

"நடுவுல பன்னெண்டுதானே மிஸ் இருக்குது."

"3x + 4-ஐ அதாலயே பெருக்கு. 12x எத்தனை தடவை விழுது, எண்ணிட்டு வா."

இரண்டு தடவை விழும். 3x-ஐ 4-ஆல் பெருக்கும்போது ஒன்று, 4-ஐ 3x-ஆல் பெருக்கும்போது இன்னொன்று. முழு வர்க்கமாக இருக்க வேண்டுமென்றால் நடுவில் 24x இருந்திருக்க வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றேதான் சரிபாதியை நடுவில் வைப்பார்கள். 16x² − 28x + 49, 25x² + 30x + 36 எல்லாம் அதே ரகம். இவற்றில் ஓர உறுப்புகளைப் பார்த்ததுமே கை முடிவு கட்டிவிடுகிறது. அதனால்தான் பழகும் காலத்தில் நடு உறுப்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்: அதைப் பாதியாக்கி ஓரத்தில் எழுதட்டும், அந்தப் பாதி இரண்டு மூலங்களின் பெருக்கலாக வருகிறதா என்று பிறகு பார்க்கட்டும். "இரட்டிக்க மறந்தேன்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இப்படிப் பாதியாக்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாதியின் வர்க்கமும், முதல் கெழு × கடைசி எண்ணும் சமமாக இருக்க வேண்டும். 12x² + 36x + 27-ஐ எடுங்கள். 12-ம் வர்க்கமில்லை, 27-ம் வர்க்கமில்லை. பொதுக் காரணி எடுக்க மறந்த பிள்ளை மூன்றாவது படியிலேயே இதை ஒதுக்கிவிடும். ஆனால் பாதி 18, அதன் வர்க்கம் 324. 12 × 27-ம் 324. இப்படிச் சமமாக வந்தால், உள்ளே ஒரு முழு வர்க்கம் ஒளிந்திருக்கிறது, வெளியே ஒரு எண் நிற்கிறது என்று அர்த்தம். 3-ஐ வெளியே எடுங்கள்: 3(4x² + 12x + 9) = 3(2x + 3)². கோவை முழு வர்க்கம் அல்ல, ஒரு முழு வர்க்கத்தின் 3 மடங்கு. "முழு வர்க்கமா?" என்று கேட்டால் இல்லை, "காரணிப்படுத்து" என்று கேட்டால் இதுதான் விடை. கேள்வியைப் படித்துப் பதில் எழுத வேண்டும்.

ax² + bx + c = 0 என்ற சமன்பாட்டில் தன்மைக்காட்டி b² − 4ac பூச்சியம் என்று பாடத்தில் வருவதும் இந்தச் சமம்தான். சமன்பாட்டின் மூலங்கள் (x-இன் தீர்வுகள்) மெய், சமம் என்றால் கோவை ஏதோ ஒரு முழு வர்க்கத்தின் மடங்கு என்று பொருள். இரண்டையும் வேறு வேறு பாடமாகப் படிப்பதால் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

எண்ணைப் பார்த்ததும் வடிகட்ட

1 முதல் 25 வரை வர்க்கங்கள் நாக்கில் நிற்க வேண்டும். அதற்கு மாற்று வழி கிடையாது. 169-ம் 196-ம் (13, 14) அடிக்கடி இடம் மாறும். 144, 441 (12, 21) தலைகீழ் ஜோடி. 169, 961 (13, 31) இன்னொரு தலைகீழ் ஜோடி. 289, 324, 361 (17, 18, 19) மூன்றும் சட்டென்று வராது. இவற்றை மட்டும் தனியாக ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தால் போதும்.

முழு எண்ணின் வர்க்கம் 2, 3, 7, 8-இல் முடியாது. 5-இல் முடிந்தால் கடைசி இரண்டு இலக்கம் 25 ஆகத்தான் இருக்கும். கடைசியில் பூச்சியங்கள் இருந்தால் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருக்கும்: 400 வர்க்கம், 4000 அல்ல. ஓரத்தில் 48, 63, 72 என்று கண்டால் வர்க்கமூலம் தேடாதீர்கள், பொதுக் காரணி தேடுங்கள்.

இன்னொரு வடிகட்டி: கெழுக்கள் எல்லாம் முழு எண்கள், ஓரம் இரண்டும் வர்க்கம் என்றால், நடு எண் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 4x² + 11x + 9 என்று கண்டால் ஒரு விநாடிகூட யோசிக்க வேண்டாம். பின்னம் வந்தால் மட்டும் இந்த விதி செல்லாது. x² + x + 1/4 என்பது (x + 1/2)². x² + 3x + 9/4 என்பது (x + 3/2)². பின்னத்தின் வர்க்கமூலம் எடுக்கும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். கீழே இருப்பதை அப்படியே விட்டு 3/4 என்று எழுதுவது அடிக்கடி பார்க்கிற தவறு.

கடைசியாக ஒரு சோதனை, பலருக்குத் தெரியாதது. x-க்கு 1 என்று போடுங்கள். அதாவது மூன்று கெழுக்களையும் குறியோடு கூட்டுங்கள். முழு எண் கெழுக்களுள்ள முழு வர்க்கக் கோவையென்றால் வருவதும் வர்க்க எண்ணாக இருந்தே ஆக வேண்டும். 36 − 132 + 121 = 25, சரி. 9 + 12 + 16 = 37, காலி. தப்பானதைத் தள்ளுவதற்கு இது நல்ல ஆயுதம். சரியானதை உறுதிப்படுத்த மட்டும் போதாது. x² + 20x + 4-இலும் 1 + 20 + 4 = 25 வரும், ஆனால் நடுவில் 4x இருந்தால்தான் அது முழு வர்க்கம். ஆகவே இதில் தேறியதையும் நான்காவது படி வழியாகப் பார்த்துத்தான் விட வேண்டும்.

பார்க்க அதுபோலவே இருக்கும், ஆனால் அல்ல

x² + 9. நடு உறுப்பே இல்லை. (x + 3)² என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். x = 1 போட்டுக் காட்டுங்கள்: ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 16. வாதம் முடிந்துவிடும்.

4x² + 12x − 9. கடைசியில் மைனஸ். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் மைனஸ் ஆகாது. ஆனால் −x² + 6x − 9-இல் இரு ஓரமும் மைனஸ்; மைனஸை வெளியே எடுத்தால் −(x² − 6x + 9) = −(x − 3)². ஓரம் இரண்டும் ஒரே குறியா என்பதுதான் கேள்வி.

x² + 10x + 16. ஓரங்கள் வர்க்கம்தான், தேவை 8x, இருப்பது 10x. இது (x + 2)(x + 8). முழு வர்க்கம் இல்லை என்பதற்காகக் காரணிப்படுத்த முடியாது என்று விட்டுவிடக் கூடாது.

16x² + 40x + 25y². கெழுக்கள் பொருந்துகின்றன; நடுவில் y இல்லை. 40xy என்று இருந்தால் (4x + 5y)². அவசரத்தில் எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுக்குகளில் இன்னும் கவனம் வேண்டும். கெழுவுக்கு வர்க்கமூலம், அடுக்குக்குப் பாதி. இரண்டும் வேறு வேறு வேலை. x¹⁶-இன் வர்க்கமூலம் x⁸, x⁴ அல்ல. x⁹-இல் 9 என்ற எண்ணைப் பார்த்து x³ என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். ஒற்றைப்படை அடுக்கு பல்லுறுப்புக் கோவையின் வர்க்கத்தில் ஓர உறுப்பாக வராது. x⁴ − 14x² + 49 என்பது (x² − 7)². x⁴ − 8x² + 16 என்பது (x² − 4)², ஆனால் அங்கே நிறுத்தினால் மார்க் குறையும். உள்ளே இரு வர்க்கங்களின் வித்தியாசம் இருக்கிறது. கடைசி விடை (x − 2)²(x + 2)².

மூலக்குறி உள்ளவை பயமுறுத்தும், ஆனால் அதே விதிதான். x² − 2√5x + 5 = (x − √5)². 5 வர்க்க எண் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள். நடுவில் √5 நிற்பதே குறிப்பு.

விடுபட்ட உறுப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு

கடைசி விடுபட்டால்: நடு உறுப்பை, முதல் உறுப்பின் மூலத்தின் இரு மடங்கால் வகுத்து, வருவதை வர்க்கமாக்குங்கள். 9x² + 30x + □ என்றால் 30x ÷ 6x = 5; விடை 25. "பாதியாக்கி வர்க்கமாக்கு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை 225 என்று எழுதும். அந்தச் சுருக்க விதி x²-இன் கெழு 1 ஆக இருந்தால்தான் செல்லும். இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வர்க்கப் பூர்த்தி முறையில் வந்து வாட்டும்.

முதல் உறுப்பு விடுபட்டால் அதே வேலை, மறுபக்கத்திலிருந்து. □ − 28x + 4 என்றால் 28x ÷ 4 = 7x; விடை 49x².

நடு உறுப்பு விடுபட்டால் இரண்டு விடை. 25x² + □ + 64 என்றால் 80x, −80x இரண்டும் சரி. "k-இன் மதிப்பு காண்க" என்று வந்தால் ± போடாதவருக்குப் பாதி மார்க்தான். 4x² + kx + 81-க்கு k = ±36. ஒன் வேர்ட் கேள்வியில் "x⁴ + 36-உடன் எதைக் கூட்டினால் முழு வர்க்கமாகும்?" என்று கேட்டால் இது மாறுவேடம் போட்டு வந்த நடு உறுப்புக் கணக்கு. 12x²-ம் பொருந்தும், −12x²-ம் பொருந்தும். கொடுத்திருக்கும் நான்கில் எது இருக்கிறதோ அதைக் குறியுங்கள்.

k இரண்டு இடத்தில் இருந்தால் பதற வேண்டாம். kx² + (k + 3)x + 4 = 0-இன் மூலங்கள் சமம் என்றால் (k + 3)² = 16k. விரித்தால் k² − 10k + 9 = 0, ஆக k = 1 அல்லது 9. போட்டுப் பாருங்கள்: x² + 4x + 4 = (x + 2)²; 9x² + 12x + 4 = (3x + 2)². இரண்டும் முழு வர்க்கமாக வருகிறதென்றால் விடை சரி. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்வோர் குறைவு.

கேரம் போர்டை வைத்து

2008-இல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கம். கேரம் தெரியாத பிள்ளை இந்த வட்டாரத்தில் அபூர்வம் என்பதால் போர்டையே உதாரணமாக எடுக்கலாம். ஆடும் பரப்பு சதுரம், பக்கம் 74 செ.மீ. சுற்றிலும் மரச்சட்டம், அகலம் x செ.மீ. என்று வைப்போம். சட்டத்தோடு சேர்த்து ஒரு பக்கம் எவ்வளவு? x + 74 என்று சொல்வார்கள். இல்லை, இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம், ஆக 2x + 74.

மொத்தப் பரப்பு (2x + 74)² = 4x² + 296x + 5476. இப்போது ஒவ்வொரு உறுப்பையும் போர்டில் தொட்டுக் காட்டுங்கள். 5476 என்பது நடுவில் காய் ஓடும் சதுரம். மூலைகளில் x-க்கு x என்று நான்கு சின்னச் சதுரங்கள், அவை 4x². பக்கத்துக்கு ஒன்றாக 74-க்கு x என்று நான்கு பட்டைகள், அவை 296x. நடு உறுப்பு ஏன் அந்த அளவுதான் இருக்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும். பட்டை கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சதுரம் மூடாது, அல்லது பிதுங்கும். x + 74 என்று எடுத்தவருக்கு x² + 148x + 5476 வந்திருக்கும். அதுவும் முழு வர்க்கம்தான், ஆனால் இரண்டு பக்கம் மட்டும் சட்டம் அடித்த போர்டின் பரப்பு. கோவை முழு வர்க்கமாக வந்துவிட்டதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

அடுத்த கேள்வி: சட்டத்தின் பரப்பு மட்டும் 2268 ச.செ.மீ. என்றால் அகலம் என்ன? 4x² + 296x = 2268. இடப்பக்கம் முழு வர்க்கமில்லை, ஏனென்றால் நடுச் சதுரத்தை எடுத்துவிட்டோம். இரு பக்கமும் 5476-ஐக் கூட்டினால் (2x + 74)² = 7744. 7744-இன் வர்க்கமூலம் 88. 2x + 74 = 88, x = 7. இன்னொரு மூலம் −81. அகலம் மைனஸ் ஆகாது, தள்ளிவிடலாம். வர்க்கப் பூர்த்தி முறை என்று பயமுறுத்தும் பாடம் இவ்வளவுதான். எடுத்த துண்டைத் திரும்ப உள்ளே வைக்கிறோம், அதே அளவை வலப்பக்கமும் சேர்க்கிறோம். வலப்பக்கம் சேர்க்க மறப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி x² + 10x = 39-ஐ இப்படியே சதுரமும் பட்டையும் வரைந்துதான் தீர்த்தார். 25 சேர்த்தால் (x + 5)² = 64, x = 3. மைனஸ் மூலத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எடுக்க வேண்டும்.

x²-இன் கெழு 1 இல்லாதபோது பாடநூல் முறை முதலில் அதால் வகுக்கச் சொல்லும். பின்னம் வரும், பின்னத்தைப் பாதியாக்க வேண்டும், பிறகு வர்க்கமாக்க வேண்டும். தவறு நுழைய மூன்று வாசல். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதராச்சாரியர் சொன்ன வழியில் பின்னமே வராது: ax² + bx + c = 0 என்றால் சமன்பாடு முழுவதையும் 4a-ஆல் பெருக்குங்கள், b²-ஐ இரு பக்கமும் கூட்டுங்கள். 3x² + 5x − 2 = 0-ஐ 12-ஆல் பெருக்கினால் 36x² + 60x = 24. 25 கூட்டினால் (6x + 5)² = 49. 6x + 5 = 7 என்றால் x = 1/3; −7 என்றால் x = −2. எங்கள் கருத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். தேர்வில் "வர்க்கப் பூர்த்தி முறையில்" என்று கேட்டால் மட்டும் பாடநூலின் படிகளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஐந்து மார்க் கணக்கில் இதே கண்

பத்தாம் வகுப்பில் நான்காம் படிக் கோவையைக் கொடுத்து, முழு வர்க்கம் எனில் m, n காண்க என்பார்கள். நீள் வகுத்தல் முறையில் செய்ய வேண்டும், ஆனால் விடையை முன்கூட்டியே ஓரத்தில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் வகுத்தலில் வழுக்காது.

4x⁴ − 12x³ + 29x² + mx + n என்று வையுங்கள். முதல் உறுப்பின் மூலம் 2x². அதன் இரு மடங்கு 4x². −12x³ ÷ 4x² = −3x; இது விடையின் இரண்டாம் உறுப்பு. அதன் வர்க்கம் 9x²; 29x²-இலிருந்து கழித்தால் 20x²; 20x² ÷ 4x² = 5. விடை 2x² − 3x + 5. கடைசி இரண்டு உறுப்பின் இரட்டிப்புப் பெருக்கல் −30x, கடைசியின் வர்க்கம் 25. m = −30, n = 25.

வகுத்தலாகப் போடும்போது ஒவ்வொரு முறையும் அதுவரை வந்த ஈவை இரட்டித்துத்தான் அடுத்த வகுக்கும் கோவையைத் தொடங்க வேண்டும். இரட்டிக்காமல் 2x²-ஐயே வைத்து வகுத்தால் இரண்டாம் உறுப்பு −6x என்று வந்து, அதற்குமேல் எதுவும் ஒட்டாது. ஏதாவது ஒரு அடுக்கு இல்லையென்றால் 0x³ என்று இடம் விட்டு எழுதுங்கள். வினாவில் −mx என்று இருக்கிறதா, +mx என்று இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள். கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டுவிட்டுக் குறியில் கோட்டை விடுவது இங்கேதான். வர்க்கமூலம் கேட்டால் விடையை மட்டுக்குறிக்குள் எழுத வேண்டும்: √(x² − 6x + 9) = |x − 3|.

எட்டு மார்க் வரைபடக் கணக்கிலும் ஒரு சின்ன உதவி உண்டு. y = x² + 6x + 9 என்று வந்தால் இது (x + 3)². அட்டவணையில் y மதிப்புகள் எல்லாம் வர்க்க எண்கள்தான், x = −6 முதல் 0 வரை 9, 4, 1, 0, 1, 4, 9. ஒரு இடத்தில் மைனஸ் வந்தாலே அந்தக் கட்டத்தைத் திரும்பப் போட வேண்டும். பரவளையம் x அச்சை வெட்டாது. (−3, 0)-இல் தொட்டுவிட்டுத் திரும்பும். மூலங்கள் மெய், சமம் என்று தைரியமாக எழுதலாம்.

போட்டுப் பார்க்க

விடையை மறைத்துவிட்டு, முழு வர்க்கமா இல்லையா என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். காரணிப்படுத்துவது பிறகு.

அ) 81x² + 90x + 25
ஆ) 16x² − 28x + 49
இ) 121 − 44y + 4y²
ஈ) 8x³ − 24x² + 18x
உ) x² + 15x + 36
ஊ) x²/9 − 2x + 9
எ) 25x⁴ − 10x² + 1

அ, (9x + 5)². ஆ, இல்லை, நடுவில் 56x வேண்டும், பாதிதான் இருக்கிறது. இ, வரிசை மாற்றினால் (2y − 11)². ஈ முழு வர்க்கமல்ல, ஆனால் 2x வெளியே வந்தால் உள்ளே ஒன்று இருக்கிறது: 2x(2x − 3)². உ, நடு எண் ஒற்றைப்படை, அங்கேயே தள்ளலாம்; காரணிகள் (x + 3)(x + 12). ஊ, (x/3 − 3)². இங்கே x/3-ஐயும் 3-ஐயும் பெருக்கும்போது 3 அடிபட்டுப் போவதால் 2x மட்டும் மிஞ்சுகிறது, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் திகைப்பார்கள். எ, (5x² − 1)².